கைவியள அக்கா

சேகர் கெட்டவன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கெட்டவனாக இருந்திருந்தால் சிவகௌரி முதல் நாளே அவனை நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருப்பாள், வேறு கடையில் பால் வாங்கிக்கொண்டு போயிருப்பாள், கதையும் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அவன் நல்லவன். பணிவானவன். வாய்க்கு வாய் அக்கா என்பவன். நல்லவர்கள் மரியாதையோடு செய்கிற அநியாயத்துக்குத்தான் மருந்து கண்டுபிடிப்பது கஷ்டம்.

லண்டன் நோர்பரியில் அவனுடைய கடை ஒரு தெருமுனையில் இருக்கிறது. மரக்கறி, அரிசி, உறைய வைத்த மீன், காலையில் சுடச்சுடப் பாண் ரொட்டி. கடைக்குப் பின்னால் ஒரு பெரிய வெறுங்காணி. முன்னொரு காலத்தில் அங்கே சலவைத் தொழிற்சாலை இருந்ததாம். அதை இடித்துத் தள்ளிவிட்டு அப்படியே விட்டுவிட்டார்கள். செங்கல் தூளும் சரளைக் கல்லும் வெடித்த சீமெந்துத் தரையுமாகக் கிடக்கும். ஒரு மரம் கிடையாது, நிழல் கிடையாது. 'பாலைவனம்' என்று அதற்குப் பெயர் வைத்தவனே சேகர்தான். இப்போது அந்தத் தெருவிலுள்ள தமிழர் எல்லோருக்கும் அது பாலைவனம்தான். சுற்றிவர ஆளுயரப் பலகை வேலி. உள்ளே போவதற்கு ஒரே ஒரு வழி உண்டு. சேகர் கடையின் பக்கச் சுவருக்கும் பலகை வேலிக்கும் நடுவில் ஒரு ஒடுங்கிய சந்து. அதன் முடிவில் ஒரு பலகை கழன்று, ஓர் ஆள் நுழையும் அளவுக்கு இடைவெளி.

அந்தப் பாலைவனத்தில் மாசி மாதம் பூ வரும் என்று சொன்னால் தெருவில் பாதிப்பேர் நம்பமாட்டார்கள். வரும். மஞ்சள் பூ. கோல்ட்ஸ்ஃபூட் என்பார்கள் வெள்ளைக்காரர். ஊர் முழுக்கக் குளிருக்குப் போர்த்துக்கொண்டு கிடக்கும்போது, இலைகூட இல்லாமல், செதில் செதிலான வெறும் தண்டோடு சரளையைப் பிளந்துகொண்டு எழும்பும். முதலில் பூ. இலையெல்லாம் பிறகு, ஆறுதலாக. துணிச்சல் என்றால் அந்தத் துணிச்சல்!

சிவகௌரி ஆறு வசந்தமாக அந்தப் பூவைத் துரத்திக்கொண்டிருந்தாள். ஐம்பத்தாறு வயதுக்காரி. ஸ்ட்ரெதமில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் மத்தியானத்திலிருந்து வேலை. பிறருக்குப் பார்வை சரிபண்ணிக் கொடுத்துக் கொடுத்து, தனக்கும் ஒன்றை ஒழுங்காகப் பார்க்க வேண்டும் என்ற ஆசை வந்து, பழைய கமரா ஒன்றையும் கிட்டப்படம் எடுக்கிற லென்ஸ் ஒன்றையும் தன் சம்பளத்தில் வாங்கினாள். அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு படம். விரிந்த பூ, அதன்மேல் உருகாத உறைபனி.

கேட்கச் சின்ன விஷயம்தான். செய்து பார்த்தால் தெரியும். இந்தப் பூ இரவில் கூம்பிவிடும், வெயில் முகத்தில் பட்டால்தான் விரியும். உறைபனியோ வெயில் பட்டதும் தண்ணீர். பனி இருக்கும்போது பூ தூங்கும். பூ விழிக்கும்போது பனி இருக்காது. இரண்டும் ஒன்றாக நிற்கிற நேரம் ஒன்று உண்டு. நன்றாகக் குளிர் இறுகிய, மேகமில்லாத விடியலில், எதிர்த்தெருக் கூரைகளுக்கிடையால் வெயில் தாழ்வாக வந்து பூவின் ஒரு பக்கத்தை மட்டும் தொடும்போது, அந்தப் பக்கம் விரியத் தொடங்கும், மறுபக்கம் இன்னும் வெள்ளையாகவே இருக்கும். பால் பொங்கி வழிகிற நேரம்தான் அது. அடுப்படியை விட்டு அங்கால் திரும்பினால் போயிற்று.

அதற்காக அவள் படாத பாடு இல்லை. கறுப்புக் குப்பைப் பையை விரித்துச் சரளைக் கல்லில் குப்புறப் படுப்பாள். குளிரில் கமரா பட்டரி செத்துவிடும் என்று அதைச் சட்டைக்குள், நெஞ்சோடு வைத்துக்கொண்டு வருவாள். மூச்சுக்காற்றின் சூடு பட்டாலே பனி உருகும் என்பதால் மூச்சை அடக்கிக்கொண்டுதான் கிட்டப் போவாள். ஆறு வருடத்தில் கூம்பிய பூவும் பனியுமாக நூற்றுக்கணக்கான படம், விரிந்த பூவும் ஈரமுமாக நூற்றுக்கணக்கான படம். அவள் கேட்ட அந்த ஒன்று மட்டும் இல்லை.

அவளுடைய கணவர் யோகராஜாவுக்கு இந்தப் பூ விசயமெல்லாம் விளங்காது. ரயில் நிலையத்தில் இரவு ஷிப்ட் முடித்து வந்து, அவள் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளிக்கிடுவதைப் பார்த்து, "நல்லூர்த் தேருக்கும் நீர் இவ்வளவு வெள்ளெண எழும்பேல்லை" என்று பகிடி பண்ணிவிட்டுப் போய்ப் படுப்பார். ஆனாலும் மற்றக் கையுறையைத் தேடி எடுத்துக் கொடுப்பது அவர்தான். அவ்வளவுதான் அவருடைய பங்கு. அது போதும் என்றுதான் அவள் இருந்தாள்.

இனிச் சேகரின் பங்குக்கு வருவோம். அந்த ஆறு வருடமும் உறைபனி விழுகிற நாளெல்லாம் அவன் ஷட்டரைத் தூக்குகிற நேரமும் சிவகௌரி சந்துக்குப் போகிற நேரமும் ஒன்று. போகிற போக்கில் ஒரு பால் போத்தல் வாங்குவாள். யாழ்ப்பாணத்துக் கடைக்காரருக்குக் கைவியளம் என்று ஒன்று உண்டு, தெரியுமா? அன்றைக்கு முதல் காசு யார் கையிலிருந்து வருகிறதோ, அந்தக் கையின் ராசிதான் அன்றைய வியாபாரம். முழிவியளம் என்று இன்னொன்று. விடிந்ததும் யார் முகத்தில் விழிக்கிறோமோ, அந்த முகத்தின் பலன். சிவகௌரி வந்து போன நாளெல்லாம் வியாபாரம் நல்லாயிருந்தது என்று சேகர் எப்படியோ கண்டுபிடித்துவிட்டான். அதற்குப் பிறகு அவள் 'கைவியள அக்கா' ஆகிவிட்டாள். உறைபனி இல்லாத நாளிலும் அவளை ஒருக்கா வந்துவிட்டுப் போகச் சொல்லி ஆளனுப்பிக் கேட்பான். அவளுக்குச் சிரிப்பாக இருக்கும், சரி பாவம் என்று போவாள்.

கடை திறக்கு முன் அவன் செய்கிற இன்னொரு காரியமும் அவளுக்குத் தெரியும். ஊரில், சாவகச்சேரிப் பக்கம், அவனுடைய தாய் அருமைநாயகி தனியாக இருக்கிறா. லண்டனில் விடியும்போது அங்கே மத்தியானம். போனைத் தராசில் சாய்த்து வைத்து, வீடியோவில் தாயின் முகத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் ஷட்டரில் கை வைப்பான். "அம்மா, கைவியள அக்கா வந்திட்டா" என்று போனைத் திருப்பியும் காட்டுவான். வெள்ளைச் சேலையும் வெறும் நெற்றியுமாக அந்த மனுசி சிரித்து, அந்தக் குளிரில் என்னத்துக்குத் திரிகிறீர் பிள்ளை என்று விசாரிக்கும். பூவைப் படம் எடுக்க அம்மா என்பாள் இவள்.

போன கார்த்திகையில் யோகராஜா இறந்தார். ஷிப்ட் முடிந்து வந்து கதிரையில் இருந்தவர் எழும்பவில்லை. ஆட்கள் வந்தார்கள், அழுதார்கள், எல்லாம் முறைப்படி நடந்தது. சேகர்தான் முப்பத்தோராம் நாள் சமையலுக்கு மரக்கறி முழுவதும் கொண்டுவந்து இறக்கினான், கண் கலங்கி நின்றான். அதனால்தான் சொல்கிறேன், கெட்டவன் இல்லை.

மாசி பிறந்து முதல் உறைபனி விழுந்தது. அந்த விடியலில் சிவகௌரி வழக்கம்போலப் பட்டரியை நெஞ்சில் செருகிக்கொண்டு வெளிக்கிட்டாள். கையுறையை இந்தமுறை தானே தேடி எடுத்தாள். பலகை வேலியில் ஒரு அறிவித்தல் ஒட்டியிருந்தது. சித்திரையில் கட்டட வேலை தொடங்குகிறதாம். அப்படியென்றால் பாலைவனத்துக்கு இதுதான் கடைசி வசந்தம். அவளுடைய படத்துக்கும் இதுதான் கடைசிச் சந்தர்ப்பம்.  சரி, இருக்கிற நாளை விடக்கூடாது என்று நினைத்துக்கொண்டு கடைக்குள் எட்டிப் பார்த்தாள். சேகர் அவளைக் கண்டான். கண்டதும் திரும்பி நின்று, அடுக்கியிருந்த பாணை மறுபடி அடுக்கத் தொடங்கினான். பால் போத்தலை எடுத்துக் காசை நீட்டினாள். "வையுங்கோ அக்கா, பிறகு பாப்பம்" என்றான், திரும்பாமலே.

அன்று அவளுக்கு விளங்கவில்லை. இரண்டாம் தரம், அவள் வருவதைக் கண்டு ஷட்டர் பாதியில் இறங்கியபோதும் விளங்கவில்லை. வேலையிருக்கும் என்று நினைத்தாள். மனுசனுக்கு நம்பிக்கை வைக்கத் தெரிந்தால் இப்படித்தான், கன்னத்தில் அறைந்தாலும் கை தவறிப் பட்டதாக்கும் என்றிருக்கும்.

விளங்கப்படுத்த வந்தவர் யோகராஜாவின் தம்பி ரதீசன். வந்து இருந்து, தேத்தண்ணி குடித்து, வானிலை, வட்டி வீதம் எல்லாம் கதைத்து முடித்துவிட்டு, கடைசியில் கோப்பையைப் பார்த்தபடி விசயத்துக்கு வந்தார். சேகர் நேரே சொல்லக் கூச்சப்பட்டு அவரிடம் சொல்லியிருக்கிறான். பக்கத்தில் புதிதாய்ப் பெரிய கடை ஒன்று திறந்ததிலிருந்து அவனுக்கு வியாபாரம் படுத்துப்போயிற்றாம். அண்ணியில் அவனுக்கு ஒரு குறையும் இல்லையாம். ஆனால் விடியக் கடை திறக்கிற நேரம், முதல் முகமாக... ஒரு வருடம் போகட்டும், ஆட்டத்திவசம் முடியட்டும் என்கிறானாம்.

"ஒண்டும் பெரிசா இல்லை அண்ணி. கொஞ்சம் பிந்திப் போங்கோ. பூ என்ன, எழும்பி ஓடவோ போகுது?"

"பூ ஓடாது தம்பி. பனி ஓடும்" என்றாள் சிவகௌரி.

ரதீசனுக்கு அது பதிலாகவே படவில்லை. பொறுமையாக, அன்பாக, ஊர் வாயை மூட முடியாது, எங்களுக்கு ஏன் வீண் கதை என்றெல்லாம் சொல்லிவிட்டுப் போனார். வாசலில் சப்பாத்துப் போடும்போது, அந்தப் பொட்டையும் கொஞ்சநாள் வைக்காமல் விட்டால் என்ன என்று ஒரு சொல்லும் போட்டார். ஊர்வாய் ஊர்வாய் என்கிறார்களே, அந்த ஊர்வாய் எப்போதும் சொந்தக்காரரின் முகத்தில்தான் இருக்கும்.

மகள் தக்ஷிகாவுக்குத் தெரிந்ததும் அவள் கொதித்து எழும்பினாள். பிறந்து வளர்ந்தது லண்டன், அவளுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு ஆங்கிலச் சொல் இருக்கும். இது டிஸ்கிரிமினேஷன், இந்தக் கடைக்கு இப்பவே வன் ஸ்டார் ரிவ்யூ போடுகிறேன் என்று போனைக் கையில் எடுத்துவிட்டாள். சிவகௌரி வேண்டாம் என்று தடுத்தாள். கடைக்கு நட்சத்திரம் குறைந்தால் தனக்குப் பூ விரியுமோ என்று கேட்டாள். இது தனக்கும் சேகருக்கும் இடையில் உள்ள அலுவல், முகத்தைப் பற்றிய அலுவல், அதை முகத்துக்கு நேரேதான் பார்க்க வேண்டும் என்றாள்.

வாய் அப்படிச் சொன்னதே தவிர, அடுத்த உறைபனிக்கு அவள் போகவில்லை. அதுதான் உண்மை. கோட்டைப் போட்டாள், பட்டரியைச் செருகினாள், கதவில் கை வைத்தாள். அவன் திரும்பி நின்று பாண் அடுக்கியது கண்ணுக்குள் வந்தது. கையை எடுத்துவிட்டாள். மாடி ஜன்னலில் நின்று பார்த்தால் கூரையெல்லாம் வெள்ளை, வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. ஆறு வருடத்தில் இப்படி ஒரு விடியல் இரண்டு மூன்று தரம் வந்திருந்தால் பெரிய காரியம். எதிர்வீட்டுக் கூரையிலிருந்து வெயில் இறங்கி, தெருவைத் தொட்டு, தெருவெல்லாம் நனைந்து பளபளக்கும் வரை பார்த்துக்கொண்டே நின்றாள். அழுகையும் வந்தது. யோகராஜாவுக்காக அழுத அழுகை இல்லை அது. வீட்டுக்குள் தன்னைத் தானே பூட்டி வைத்துக்கொண்டாளே, யாரும் பூட்டாமல்! சேகரைக்கூட அவளால் மன்னிக்க முடிந்தது. தன்னை முடியவில்லை.

பங்குனி பிறந்து மழையும் மூடலுமாக நாட்கள் போயின. பூக்கள் ஒவ்வொன்றாகப் பஞ்சாகத் தொடங்கியிருக்கும். இனி உறைபனி இல்லை என்றே நினைத்தாள். அப்போதுதான் ஒரு வெள்ளிக்கிழமை இரவு ரீவியில் நாளை விடிய நல்ல உறைபனி, வானம் துப்பரவு என்றார்கள். அனேகமாக இந்த வசந்தத்துக்கு அதுதான் கடைசி. சிவகௌரி எழுந்து கமரா லென்ஸைத் துடைத்து வைத்தாள். நாளைக்கு யார் குறுக்கே நின்றாலும் சரி, போகத்தான் போகிறேன் என்று வெறும் வீட்டுக்குச் சத்தமாகவே சொன்னாள்.

விடிய, கண்ணாடிக்கு முன் நின்று பொட்டை வைத்தாள். எப்போதும் வைப்பதைவிடக் கொஞ்சம் பெரிதாக. தெருவில் கார்க் கண்ணாடியெல்லாம் வெண்மையாக இறுகியிருந்தது. கடையைக் கடந்து சந்துக்குள் திரும்பினாள். திரும்பியவள் நின்றுவிட்டாள்.

சந்து அடைபட்டிருந்தது. கீழே பெரிய அரிசி மூட்டைகள், அதற்குமேல் எண்ணெய்த் தகரங்கள், உச்சியில் பாண் தட்டுகள். மதில் மாதிரி. ரதீசன் சொல்லியும் இந்த மனுசி கேட்கப் போவதில்லை என்று யோசித்து, அவள் மனம் நோகாமல், ஒரு வார்த்தை பேசாமல், சேகர் கண்டுபிடித்த வழி அது. சாமான் வந்து இறங்கியிருக்கிறது, வைக்க வேறு இடமில்லை, அவ்வளவுதான் என்று யாருக்கும் சொல்லிக்கொள்ளலாம். எவ்வளவு மரியாதை பாருங்கள்! சிவகௌரி பாண் தட்டுகளை இறக்கினாள். தகரங்களை ஒவ்வொன்றாக இழுத்து வைத்தாள். மூட்டையில் கை வைத்துத் தள்ளினாள். அது அசையவில்லை. இன்னொரு தரம் தோளைக் கொடுத்துத் தள்ளினாள். அதுவும் அவளைப் பார்த்துக்கொண்டு பேசாமல் கிடந்தது. கூரைகளுக்குப் பின்னால் வானம் மஞ்சளாகத் தொடங்கிவிட்டது.

வந்ததே கோபம்! நேரே கடை முன்னுக்குப் போனாள். ஷட்டர் அரைவாசிதான் ஏறியிருந்தது. உள்ளே சாமிப் படத்துக்கு முன்னால் கற்பூரம் எரிந்தது. ஐம்பத்தாறு வயதில் இடுப்பு சொல்வழி கேட்காது என்பார்கள். அன்றைக்குக் கேட்டது. குனிந்து உள்ளே போய், கல்லாப்பெட்டிக்கு முன்னால் நிமிர்ந்து நின்று, குளிரில் விறைத்த கையால் ஒரு நாணயத்தை வைத்தாள்.

"இண்டைக்குக் கைவியளம் நான்தான், சேகர்."

சேகர் திடுக்கிட்டுத் திரும்பினான்.  முகம் முழுக்கத் தொலைந்துபோன குழந்தையின் பயம். அவனுக்கும் பிள்ளைகள், அவனுக்கும் கடன், அந்தப் பயம் பொய்யில்லை.

"அக்கா, குறை நினையாதேங்கோ. ஒரு பத்து நிமிசம் பொறுங்கோ. ஆரும் ஒரு ஆள் வந்து ஒரு பாணை வாங்கட்டும். பிறகு நானே எல்லாத்தையும் விலத்தித் தாறன்."

"பத்து நிமிசத்துக்குப் பிறகு எனக்கு அங்க அலுவல் இல்லை. வந்து மூட்டையை விலத்தும்."

"அக்கா, வியாபாரம் கிடக்கிற கிடைக்கு..."

"ஆறு வருசம் இந்த முகத்தில முழிச்சுத்தானே கடை திறந்தனீர்? ஆளனுப்பியெல்லாம் கூப்பிட்டனீர். இப்ப இதில எது குறைஞ்சு போச்சு? மூக்கோ, கண்ணோ?"

சேகர் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அண்ணை என்ற சொல்லுக்கு மேல் அவனால் போக முடியவில்லை.

"ஓம். அண்ணை செத்துப்போனார்" என்றாள் சிவகௌரி.  "அவர்தான் செத்தவர். நான் சாகேல்லை."

அதற்குள் அவளுடைய கண் தராசில் போய் நின்றது. தராசில் சாய்த்திருந்த போனில், வெள்ளைச் சேலையும் வெறும் நெற்றியுமாக, ஊர் மத்தியான வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அருமைநாயகி பார்த்துக்கொண்டிருந்தா. சேகர் இன்றைக்கும் தாயைக் கும்பிட்டுவிட்டுத்தான் ஷட்டரைத் தூக்கத் தொடங்கியிருக்கிறான், பதற்றத்தில் போனை நிறுத்த மறந்துபோனான்.

சிவகௌரி விரலை நீட்டினாள். "இது ஆரின்ர முகம், சேகர்? ஒவ்வொரு நாளும் விடிய நீர் முழிக்கிறது ஆரின்ர முகத்தில?"

"அது அம்மா" என்றான் அவன். சொன்ன பிறகுதான் சொன்னது அவனுக்கே கேட்டது. தாயின் நெற்றியைப் பார்த்தான். சிவகௌரியின் நெற்றியைப் பார்த்தான். எத்தனை வருடமாகப் பார்க்கிற முகம்! அதை அம்மாவின் முகம் என்றுதான் பார்த்திருக்கிறானே தவிர, அது ஒரு கைம்பெண்ணின் முகமும்தான் என்று அவன் ஒரு நாளும் நினைத்ததில்லை. கற்பூரம் தானாக அணைந்தது.

அரையும் குறையுமாகத்தான் கேட்டிருக்க வேண்டும், போனுக்குள் இருந்து கிழவி பேசியது. யார் அங்கே, என்ன மூட்டை, எதை அடைத்து வைத்திருக்கிறாய் என்று வரிசையாகக் கேட்டது. ஒன்றுமில்லை அம்மா என்றான் சேகர். இந்த உலகத்தில் தாயிடம் ஒன்றுமில்லை அம்மா என்று சொல்லித் தப்பின பிள்ளை எவன்?

"போய் விலத்தடா" என்றா அருமைநாயகி. பிறகு சிவகௌரியிடம், "லண்டனில இந்தக் குளிருக்கும் பூக்குதோ பிள்ளை? எனக்கும் ஒருக்காக் காட்டும்."

சிவகௌரி போனைத் தராசிலிருந்து எடுத்துக்கொண்டு நடந்தாள். போன் போன திசையில் சேகரும் போக வேண்டியதாயிற்று. ஒவ்வொரு மூட்டையாகக் கட்டிப்பிடித்து இழுத்து ஒதுக்கினான். தோளெல்லாம் அரிசி மாவு. அவனைப் பார்க்க நிற்காமல் அவள் இடைவெளியால் உள்ளே நுழைந்துவிட்டாள்.

பாலைவனம் முழுக்க வெள்ளையாகக் கிடந்தது. செங்கல் துண்டு, கம்பி, சரளை, ஒவ்வொன்றின் மேலும் உறைபனி. போனை உயர்த்திச் சுற்றிக் காட்டினாள். உப்பு விளைந்த மாதிரி இருக்கிறதே என்றா அருமைநாயகி. பிந்தி வந்த பூக்கள் நாலைந்து ஒரு சீமெந்துக் கட்டியின் அடியில் நின்றன. போனை ஒரு செங்கல்லில் சாய்த்து வைத்து, குப்பைப் பையை விரித்துக் குப்புறப் படுத்தாள். நெஞ்சிலிருந்து பட்டரியை எடுத்துக் கமராவில் போட்டாள்.  வெயில் அப்போதுதான் இரண்டு கூரைகளுக்கு நடுவால் வந்து, சரளையில் ஊர்ந்து, முதல் பூவைத் தொட்டது.

மூச்சை அடக்கினாள்.

பூ அவசரப்படவில்லை. வெயில் பட்ட பக்கத்தில் மெல்லிய மஞ்சள் இதழ்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்து திறந்தன. நிழல் பக்கத்தில் அதே இதழ்களின் நுனியில் பனி முள்ளு முள்ளாக நின்றது. அரைவாசி விழித்து, அரைவாசி வெள்ளையாக! ஆறு வருடம் அவள் மனதுக்குள் பார்த்துக்கொண்டிருந்த அதே பூ. அமர்த்தினாள். கமராப் பொத்தானை இன்னொரு தரம் அமர்த்தினாள். மூன்றாம் தரத்துக்கு நுனியில் ஒரு துளி தண்ணீர் தொங்கியது.

தலையைக் கீழே வைத்து மூச்சை விட்டாள். கிடைத்துவிட்டது. சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது, இரண்டையும் அவள் மறைக்கவில்லை.

 பிறகு அருமைநாயகி மெதுவாகக் கேட்டா, நீர் இப்படி ஒவ்வொரு நாளும் விடிய வெளிக்கிடுறனீரோ என்று. பனி விழுகிற நாளெல்லாம் என்றாள் சிவகௌரி.

"ஆக்கள் ஒண்டும் சொல்லேல்லையோ?"

சிவகௌரி திரும்பிப் பார்த்தாள். பலகை இடைவெளியில் சேகர் நின்றான். கும்பிடாத குறை. ஒரு சொல் சொன்னால் போதும், தாயின் முன்னால் அவன் மானம் போய்விடும். அவளுக்கு அவன் பெயர் தேவைப்படவில்லை.

"சொன்னவை அம்மா" என்றாள். "நான் கேக்கேல்லை."

 லைன் போய்விட்டதோ என்று அவள் போனைக் கையில் எடுத்தாள். அந்த முகம் அங்கேதான் இருந்தது. சிரிப்பு மட்டும் இல்லை.

"நான் கேட்டிட்டன், பிள்ளை" என்றா அருமைநாயகி. "இவன்ர தேப்பன் போய்ப் பதினெட்டு வருசம். விடிய நான் படலையைத் திறக்கிறேல்லை. பால்காரன் போனாப் பிறகுதான் முற்றத்துக்கே வருவன். என்னை ஒருத்தரும் பிடிச்சு வைக்கேல்லை. கொஞ்சம் பிந்திப் போங்கோ எண்டு மட்டும்தான் சொன்னவை."

சேகர் இடைவெளியை விட்டு உள்ளே வந்தான். அம்மா என்று கூப்பிட்டான். அவவுக்கு அது கேட்டதாகத் தெரியவில்லை.

"நாளைக்கு வெள்ளெண நான் படலையைத் திறந்து றோட்டால நடக்கப்போறன். சந்தி மட்டும் போயிட்டு வருவன்."

"அம்மா, விடியத்தானே சனம் அலுவலுக்குப் போற நேரம். ஆக்கள் என்ன..."

"லண்டனில சனம் இல்லையோடா?" என்று கேட்டா அருமைநாயகி.

 கடை முன்னால் யாரோ ஷட்டரைத் தட்டினார்கள். பாண் வாங்க வந்த ஆளாக இருக்கும், அவன் காத்திருந்த அந்த முதல் முகம். மறுபடியும் தட்டினார்கள். சேகர் நகரவில்லை. சிவகௌரி ஆறுதலாக எழும்பி, முழங்கால் மண்ணைத் தட்டி, குப்பைப் பையை மடித்து, கமராவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கடைப்பக்கம் நடக்கும் வரை வழிவிட்டு நின்றான். பிறகு முன்பக்கம் பார்த்துச் சத்தம் போட்டான்.

"பத்து நிமிசம் பொறுங்கோ அண்ணை. இன்னும் கைவியளம் முடியேல்லை."